அல்கட்ராஸ் தீவுச் சிறை: எந்த டூரில் போவது?

கோடையில் பிள்ளைகளைப் பார்க்க கலிஃபோர்னியா கிளம்புகிறவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவே இருக்கும் அல்கட்ராஸ் தீவைப் பற்றியவை. என் மகள் சன்னிவேலில் இருப்பதால் வெயில், பனிமூட்டம், மழை என்று எல்லாப் பருவத்திலும் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பு திருநெல்வேலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவள் நான். அதனால் டிக்கெட் விஷயம் கேட்டவர்களுக்கும் கொஞ்சம் வரலாறு சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகன் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். ஜூலையில் போகிறோம். அல்கட்ராஸுக்குப் பகல் டூர், இரவு டூர், இன்னும் விலை கூடின ஒரு டூர் என்று மூன்று வகை இருக்கிறதாம். எதை எடுக்கச் சொல்வது?
(மதுரை வாசகி)

பகல் டூர் எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. அதிலும் அன்றைய முதல் படகு.

காரணம் நேரம்தான். பகல் டூரில் போகும் படகுக்கு மட்டும்தான் நேரம் குறித்திருப்பார்கள். திரும்பும்போது எந்தப் படகில் வேண்டுமானாலும் ஏறலாம். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, மதியம் தாண்டியும் இருக்கிறவர்களும் உண்டு. முதல் படகில் போனால் சிறைக் கட்டடத்துக்குள் நுழையும்போது கூட்டம் இருக்காது. அறைக் கதவுகளின் வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பதினோரு மணிக்கு மேல் போனால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

சிறைக் கட்டடத்துக்குள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலி வழிகாட்டி டிக்கெட்டோடு சேர்ந்தது, தனிக் காசு இல்லை. முக்கால் மணி நேரம் ஓடும். அங்கே காவலர்களாக வேலை பார்த்தவர்களும் கைதிகளாக இருந்தவர்களும் தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். எத்தனையோ கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் ஒலி வழிகாட்டி கேட்டிருக்கிறேன், இதற்கு இணையாக ஒன்று கேட்டதில்லை. அதற்கு மேல், தீவின் படகுத்துறையில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். தீவை இப்போது நிர்வகிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் ஊழியர்களான ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் அன்று எந்த நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். இதுவும் இலவசம். தப்பியோட்டம், தோட்டங்கள், பறவைகள், ராணுவக் காலம் என்று நாளுக்கு நாள் தலைப்பு மாறும். பலர் பலகையைக் கவனிக்காமல் நேரே மேட்டில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் நின்று படியுங்கள்.

இரவு டூர் மோசம் என்று சொல்லமாட்டேன். படகு தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கரை சேரும், ஆட்களும் குறைவு. டிக்கெட் பத்துப் பதினைந்து டாலர் கூடுதல். ஆனால் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, தீவில் இருக்கும் நேரமும் அளந்ததுதான். ஜூலையில் அங்கே சூரியன் மறைய எட்டரை மணி ஆகும். 'இரவு' என்று பெயர் இருந்தாலும் பெரும்பகுதி வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். சிறை இருட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பர், டிசம்பரில் போகலாம்.

மூன்றாவது, பொதுவாகத் திறக்காத இடங்களைக் காட்டும் 'பிஹைண்ட் த சீன்ஸ்' டூர். சின்னக் குழு, கூடவே வழிகாட்டி. விலை பகல் டூரைப் போல இரு மடங்கு. படிகள் அதிகம், நிற்பது அதிகம், சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஒருமுறை பகலில் போய்ப் பார்த்து மனசு அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு அது. முதல் தடவைக்கு வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் என் தங்கை குடும்பம் 'அல்கட்ராஸ் குரூஸ்' என்று தள்ளுபடியில் டிக்கெட் வாங்கிப் போனது. தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்களாம். நாங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?
(கோயம்புத்தூர் வாசகர்)

விரிகுடாவில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்கள் பலர். தீவில் ஆள் இறக்க, தீவை நிர்வகிக்கும் அந்தத் தேசியப் பூங்காத் துறையின் (நேஷனல் பார்க் சர்வீஸ்) அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு பயணிகளைக் கொண்டுபோய் இறக்குவது அல்கட்ராஸ் சிட்டி குரூசஸ் என்ற ஒரே நிறுவனம்தான். அந்தப் படகு புறப்படும் இடம் பியர் 33, அதாவது 33-ஆம் எண் படகுத்துறை. டிக்கெட்டில் வேறு பியர் எண் போட்டிருந்தால் காசு கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "தீவில் இறக்கிவிடுவீர்களா, சிறைக்குள் போக முடியுமா?" இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நகரச் சுற்றுலா பஸ், ரெட்வுட் மரக் காடு, அல்கட்ராஸ் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் என்று விற்கும் பேக்கேஜ்களில் உண்மையான தீவு டிக்கெட் இருக்கவும் கூடும். ஆனால் பஸ் நேரத்துக்குத் தீவைவிட்டு ஓடிவர வேண்டியிருக்கும். விலையும் தனித்தனியாக வாங்குவதைவிட எவ்வளவோ கூட. நேரடி டிக்கெட் மூன்று மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும், பெரியவர்களுக்கு நாற்பது டாலருக்கு மேல். விமான டிக்கெட் உறுதியான அன்றே இதையும் போட்டுவிடச் சொல்லுங்கள். கோடையில் கடைசி வாரம் வரை காத்திருந்தால் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலி. மேடு ஏற முடியுமா?
(தஞ்சாவூர் வாசகி)

படகுத்துறையிலிருந்து சிறைக் கட்டடம் வரை கால் மைல்தான். ஆனால் 130 அடி உயரம் ஏற வேண்டும். பதின்மூன்று மாடிக்குச் சமம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். சரிவான பாதை, படிகள் இல்லை. வழியில் உட்கார இடம் குறைவு.

நடக்க முடியாதவர்களுக்கு மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டி ஒன்று உண்டு. கட்டணம் இல்லை, கூட ஒருவர் ஏறலாம், இடம் சில பேருக்குத்தான். முன்பதிவு செய்ய முடியாது. இறங்கியதும் துறையில் நிற்கும் ஊழியரிடம் "அம்மாவால் ஏற முடியாது" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதற்கும் முதல் படகுதான் நல்லது. மேலே போனபின் கட்டடத்துக்குள் பெரும்பாலும் சமதளம்.

ஜூலை என்று நம்பிப் பருத்திப் புடவையோடு அனுப்பிவிடாதீர்கள். அந்த ஊரில் கோடையில்தான் பனிமூட்டமும் காற்றும். ஸ்வெட்டர், காதை மூடும் ஸ்கார்ஃப், காற்றுப் புகாத மேல்கோட்டு மூன்றும் வேண்டும். செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ போடட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஒலி வழிகாட்டி தமிழில் உண்டா? இல்லையென்றால் அழைத்துப்போய் என்ன பயன் என்று அண்ணன் கேட்கிறான்.
(சேலம் வாசகர்)

தமிழில் இல்லை தம்பி. ஆனால் அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அப்பாவுக்கு வழிகாட்டி நீங்கள்தான்.

முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் கதையாகச் சொல்லிவிடுங்கள். 1850-களில் ராணுவக் கோட்டை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே முதல் கலங்கரை விளக்கம் அங்கேதான் எரிந்தது. பிறகு ராணுவச் சிறை. 1934 முதல் 1963 வரை மத்திய அரசின் சிறை, மற்றச் சிறைகளில் அடங்காதவர்களை அனுப்பும் இடம். குடிநீர் முதற்கொண்டு அத்தனையும் படகில் வர வேண்டியிருந்ததால் செலவு தாங்காமல் மூடினார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், அங்கே போனதும் அவரே பார்த்துப் புரிந்துகொள்வார்.

உள்ளே போனபின் ஒலிக் கருவியை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். நீங்கள் ஒரு பகுதியைக் கேளுங்கள், நிறுத்துங்கள், அப்பாவிடம் நாலு வரியில் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகும். ஆகட்டும், உங்களை யாரும் விரட்டமாட்டார்கள்.

சில இடங்களுக்குப் பேச்சே தேவையில்லை. திறந்துவிட்டிருக்கும் அறைக்குள் அப்பாவை நிற்கச் சொல்லுங்கள். அகலம் 5 அடி, நீளம் 9 அடி. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சமையலறையில் கத்திப் பலகையைக் காட்டுங்கள். ஒவ்வொரு கத்தி மாட்டும் இடத்திலும் அந்தக் கத்தியின் உருவத்தை அதே அளவில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கத்தி காணாமல் போனால் தூரத்திலிருந்தே காவலர் கண்ணில் படும். பட்டறையில் வேலை பார்த்த அப்பா என்றால் அதன் முன் ரொம்ப நேரம் நிற்பார். சாப்பாட்டுக் கூடத்தின் மேற்கூரையில் கண்ணீர்ப்புகைக் குப்பிகள் பொருத்தியிருப்பதையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கைதிகள் எல்லாரும் கையில் கரண்டி, முள்கரண்டியோடு ஒன்றாக உட்காரும் இடம் அது ஒன்றுதான். அதனால் வந்த ஏற்பாடு.

சிறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நகரம் தெரியும். கரை 2 கிலோமீட்டர்தான். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் புத்தாண்டு இரவில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கூடக் கேட்கும் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். இதை அப்பாவுக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: அந்தமான் செல்லுலார் சிறையைப் பார்த்துக் கண் கலங்கி வந்தவன் நான். அல்கட்ராஸ் கொள்ளைக்காரர்களை அடைத்த சிறைதானே? அதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?
(தாம்பரம் வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை அல்கட்ராஸுக்கு ஒதுக்கினேன் ஐயா.

செல்லுலார் சிறை நம் மனசில் வேறு இடத்தில் இருக்கிறது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் கோபுரம், ஏழு சிறகுகள், ஒரு கைதி இன்னொருவர் முகம் பார்க்காதபடி தனித்தனி அறை. அங்கே நாடு கேட்டவர்களை அடைத்தார்கள். அல்கட்ராஸில் சிகாகோவின் பெயர்போன குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன் இருந்தார், 85-ஆம் எண் கைதி. நினைவுப் பொருள் கடையில் அவர் படம் போட்ட கோப்பையும் சட்டையும் குவிந்து கிடக்கின்றன. அந்த 29 வருஷத்தில் அங்கே இருந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களில் நாம் பெயர் கேள்விப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கடையைப் பார்த்துத் தீவை எடை போட்டால் உங்கள் சந்தேகம் நியாயமே.

ஆனால் அந்தத் தீவில் கொள்ளைக்காரர்களுக்கு முன்பும் ஆட்களை அடைத்தார்கள். 1895-இல் அரிசோனாவிலிருந்து ஹோப்பி என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த 19 பேரைக் கொண்டுவந்து பல மாதங்கள் சிறை வைத்தார்கள். அரசாங்கம் அவர்கள் பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பச் சொன்னது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டிப்பார்கள். நிலத்தையும் அவர்கள் காலங்காலமாகப் பகிர்ந்த முறையை விட்டுவிட்டுத் துண்டு போடச் சொன்னது. அதற்கு இணங்காத தகப்பன்மார்கள் இவர்கள். களவு இல்லை, கொலை இல்லை. முதல் உலகப் போர் காலத்தில், ஆயுதம் எடுப்பது எங்கள் மனசாட்சிக்கு விரோதம் என்று சொன்னவர்களையும் இதே தீவில் அடைத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் கான்கிரீட் சிறைக் கட்டடத்தை 1912-இல் கட்டி முடித்ததே ராணுவக் கைதிகளின் உழைப்புதான்.

சிறை மூடிய பிறகும் கதை முடியவில்லை. 1969 நவம்பர் 20-ஆம் தேதி விடியுமுன் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் 89 பேர் படகில் போய் இறங்கி, இது எங்கள் நிலம் என்று அறிவித்தார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் உண்டு. தீவை 24 டாலர் மதிப்புள்ள கண்ணாடி மணிகளும் சிவப்புத் துணியும் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை வெள்ளைக்காரர்கள் பூர்வகுடிகளிடமிருந்து வாங்கியதாகச் சொல்லும் விலை அது. மின்சாரம் போய், தண்ணீர் போய், 1971 ஜூன் 11 வரை, 19 மாதம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் வெளியேற்றப்பட்டார்கள். ஆனாலும், பூர்வகுடிகளின் தனி அடையாளத்தைக் கலைத்துவிடும் அரசுக் கொள்கையை அதிபர் நிக்சன் 1970-இல் கைவிட்டதற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

படகிலிருந்து இறங்கியதும் எதிரே உயர்ந்து நிற்கும் பழைய குடியிருப்புக் கட்டடத்தைப் பாருங்கள். அதன் சுவரில் சிறைத்துறையின் எச்சரிக்கைப் பலகை. அதற்கு மேலே சிவப்பு வண்ணத்தில் 'இந்தியன்ஸ் வெல்கம்'. அந்த மக்கள் கையால் எழுதியது. அமெரிக்காவில் பூர்வகுடிகளையும் 'இந்தியன்ஸ்' என்றுதான் சொல்வார்கள். நம்மவர்கள் பலர் நம் நாட்டை வரவேற்கிறார்கள் என்று நினைத்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லையே என்று எனக்கு வருத்தம். மேலே தண்ணீர்த் தொட்டியிலும் அவர்களின் எழுத்து இருக்கிறது. காலத்தில் மங்கியதைப் பூங்காத் துறையே அந்தப் போராட்டக்காரர்களின் வாரிசுகளையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி எழுதியது.

போங்கள் ஐயா. அந்தமானில் கலங்கிய கண்ணுக்கு இங்கேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. காதில் மாட்டும் ஒலி வழிகாட்டி சிறைக் கட்டடத்தையும் 1934-க்குப் பிந்தைய காலத்தையும்தான் சொல்லும். பூர்வகுடிகளின் கதைக்குத் துறைக்கு அருகில் உள்ள காட்சி அரங்கில் தனியாக நேரம் கொடுக்க வேண்டும், அல்லது அதைப் பற்றி ரேஞ்சர் பேசும் நேரம் பார்த்து உட்கார வேண்டும். நான் பகல் டூரைத் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

கேள்வி: ஆறு வயதுப் பேரனை அழைத்துப் போகலாமா?
(நாகர்கோவில் வாசகி)

போகலாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, உங்கள் பேரனுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒலி வழிகாட்டியில் 1946-இல் நடந்த கலவரத்தைச் சொல்லும் பகுதியில் துப்பாக்கிச் சத்தமும் கூச்சலும் வரும். அதை மட்டும் அவன் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். இருட்டுத் தண்டனை அறைகள் இருக்கும் டி பிளாக்கில் சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் உள்ளதைச் செய்து முடித்தால் ரேஞ்சரே பேட்ஜ் தருவார். வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை கடற்பறவைகள் கூடு கட்டும் காலம். கடற்காகக் குஞ்சுகளைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம். அதற்காகத் தீவின் சில பகுதிகளை மூடியிருப்பார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள் அவனை ஓடவிடாதீர்கள்.

கேள்வி: 1962-இல் தப்பித்த மூன்று பேர் பிழைத்தார்களா, இல்லையா? அந்த இடத்தைக் காட்டுவார்களா?
(ஈரோடு வாசகர்)

காட்டுவார்கள், பகல் டூரிலேயே. ஃபிராங்க் மாரிஸ், ஜான் ஆங்லின், கிளாரன்ஸ் ஆங்லின். கரண்டி போன்றவற்றால் காற்றுப்போக்கியைச் சுற்றிச் சுவரைத் தோண்டினார்கள். சோப்பு, காகிதக் கூழ் இவற்றால் தலை செய்து, முடி வெட்டும் இடத்தில் கிடைத்த நிஜ முடியை ஒட்டிப் படுக்கையில் வைத்தார்கள். மழைக்கோட்டுகளை ஒட்டித் தைத்து மிதவை செய்தார்கள். ஜூன் 11 இரவு போனவர்கள் போனவர்கள்தான். உடல் கிடைக்கவில்லை, உயிரோடு பார்த்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. எஃப்.பி.ஐ. 1979-இல் கோப்பை மூடிவிட்டது, தப்பிய கைதிகளைத் தேடும் யு.எஸ். மார்ஷல் துறை இன்னும் மூடவில்லை. தண்ணீரின் குளிரையும் இழுப்பையும் அந்தக் கரையில் நின்று பார்த்த எனக்கு, மூழ்கியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

கேள்வி: புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?
(கும்பகோணம் வாசகி)

மேலே சிறைப் பக்கம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட அனுமதி இல்லை. படகுத்துறைப் பகுதியில் மட்டும் சாப்பிடலாம். திரும்பும் படகுக்குக் காத்திருக்கும்போது அங்கே பிரித்துக்கொள்ளுங்கள். கடற்காகம் கையிலிருந்தே பிடுங்கும், கவனம். சர்க்கரை உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு மேடு ஏறுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் போகிறோம். இப்போதே அல்கட்ராஸ் டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாக மருமகள் சொல்கிறாள். வேறு வழி?
(திருச்சி வாசகர்)

மருமகளை அதிகாரபூர்வத் தளத்தைத் தினமும் காலையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ரத்தாகும் டிக்கெட்டுகள் ஒன்றிரண்டு திரும்ப வருவதுண்டு. சனி, ஞாயிறைவிட வார நாளில் வாய்ப்பு அதிகம்.

கிடைக்கவே இல்லையென்றால் அதே விரிகுடாவில் ஏஞ்சல் தீவு இருக்கிறது. 1910 முதல் 1940 வரை பசிபிக் கடல் தாண்டி வந்தவர்களை நிறுத்தி விசாரித்த குடியேற்ற நிலையம் அங்கேதான். சீனர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், மரக் கட்டடங்களில் பூட்டி வைத்தார்கள். அவர்கள் சுவரில் செதுக்கிய சீனக் கவிதைகள் இன்றும் இருக்கின்றன. பஞ்சாபிலிருந்து பிழைப்புக்குப் போன நம் நாட்டவர்களும் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள், பலரைத் திருப்பியும் அனுப்பினார்கள். டிபுரான் என்ற ஊரிலிருந்து படகு உண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்தும் உண்டு. அல்கட்ராஸ் அளவுக்குக் கூட்டம் இருக்காது. குடியேற்ற நிலைய அருங்காட்சியகம் எல்லா நாளும் திறப்பதில்லை. திறக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் படகு டிக்கெட் வாங்குங்கள். துறையிலிருந்து அங்கே போக ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும், தொடக்கத்தில் படிகள் உண்டு. முடியாதவர்களுக்கு வண்டி ஏற்பாடு அன்று உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.